தாளைத் திருப்பிப் பாருங்கள்!



நான் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. 36 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் உங்களைப் போன்ற வாண்டுகளோடு தான் என் காலம் போனது. இப்போது வீட்டில் எனக்கு ஒரே ஒரு மாணவன்... மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேரன்!

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள், அவன் தன் அப்பாவோடு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய், ஒரு கட்டுத் தாளோடு வந்தான். எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிரின்ட் அவுட்கள். சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன், ஹல்க், அயர்ன்மேன் என்று தாளுக்கு ஒரு சூப்பர் ஹீரோ, வெறும் கறுப்புக் கோட்டில் நின்றனர். வண்ணம் தீட்ட வேண்டியது அவன் வேலை.

திண்ணையில் குப்புறப் படுத்து, கிரேயான் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, மும்முரமாகத் தீட்டிக் கொண்டிருந்தான். திடீரென்று ஒரு கூச்சல்...

''ஆச்சி... ஸ்கின் கலர் தீந்து போச்சு!''

''அது என்னல ஸ்கின் கலர்?''

''மூஞ்சிக்குப் போடுறது ஆச்சி... இந்தா பாருங்க.''

அவன் காட்டியது, வெளிர் ஆரஞ்சு நிறத்தில், நகம் அளவு மிச்சமிருந்த ஒரு கிரேயான் துண்டு.

''அதை உன் கை மேல வச்சுப் பாரு.''

வைத்தான். அவன் கை நல்ல மாநிறம். கிரேயானுக்கும் கைக்கும் ஒட்டவே இல்லை.

''சேரலையே ஆச்சி!'' என்று கலகலவென்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, குழந்தைகளே. பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்து விட்டது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அது 1999ம் ஆண்டு. டிவியில், 'சக்திமான்' தொடர் வந்து கொண்டிருந்த காலம். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தால், ஒற்றை விரலை உயர்த்தி, பம்பரமாகச் சுற்றாத பையனே இருக்க மாட்டான்! பிள்ளைகள் ஆசைப்பட்டனரே என்று, சக்திமான் உருவத்தைக் கோட்டுப் படமாக நானே வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, நான்காம் வகுப்பில் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன்.

கடைசி வரிசையில் ஒரு மாணவன். அதிகம் பேச மாட்டான். அவன் படத்தைப் பார்த்தேன். உடை, பெல்ட், காலணி எல்லாம் அருமை. ஆனால், முகத்துக்கும், கைகளுக்கும் அடர்ந்த பழுப்பைப் பூசி, அதன் மேல் கறுப்பையும் தேய்த்திருந்தான்.

''என்னடா இது... சக்திமானைக் கரிச்சட்டி ஆக்கிட்டே?'' என்றேன். வகுப்பே சிரித்தது.

அவன் தலையைக் குனிந்தபடி, ''எங்க அப்பா மாதிரி போட்டேன் டீச்சர்...'' என்றான்.

நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. இன்னொரு தாளைக் கொடுத்து, ''ஒழுங்காப் போடு,'' என்று சொல்லி விட்டு, அடுத்த பெஞ்சுக்குப் போய் விட்டேன்.

அவன் ஒழுங்காகத் தான் போட்டான். உடையைத் தீட்டினான்; காலணியைத் தீட்டினான். ஆனால், முகத்தை மட்டும் தீட்டவே இல்லை. வெள்ளையாகவே விட்டு விட்டான். அந்த ஆண்டு முழுவதும் அவன் தந்த எல்லாப் படங்களிலும் அப்படித் தான். மனிதன் இருந்தால், முகம் வெள்ளை. நானும் அடியில், 'நன்று' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டே இருந்தேன்.

எங்கள் ஊர் உப்பளம் உள்ள ஊர். அவன் அப்பா, அங்கே கொளுத்தும் வெயிலில் நின்று உப்பு வாருகிறவர். அந்தப் பிள்ளைக்கு அவர் தான் சக்திமான். அவரைத் தான் அவன் தீட்டியிருந்தான். தப்பு அவன் படத்தில் இல்லை. என் கண்ணில் இருந்தது. இது எனக்குப் புரிய, என் பேரனின் கிரேயான் தீர வேண்டியிருந்தது!

அதனால் தான் இந்தக் கட்டுரை. சூப்பர் ஹீரோ படங்களுக்கு வண்ணம் தீட்டும் உங்களுக்கு, இந்தக் கிழவி சொல்ல நினைப்பது இரண்டு விஷயங்கள்.

ஒன்று... வண்ணத்தில், 'தப்பு' என்று எதுவும் இல்லை.

'ஹல்க் பச்சை தானே பாட்டி... அதை ஊதா ஆக்கினால் தப்பு இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். ஒரு ரகசியம் சொல்லட்டுமா? ஹல்க், 1962ல் முதல் இதழில் வந்தபோது பச்சையே இல்லை, சாம்பல் நிறம்! ஆனால், அந்தக் கால அச்சு இயந்திரத்தில் சாம்பல் நிறம் ஒரே சீராக விழவில்லை. ஒரு பக்கத்தில் வெளிறியும், இன்னொரு பக்கத்தில் கறுத்தும் போனது. 'இது சரிப்படாது' என்று, இரண்டாவது இதழிலேயே பச்சைக்கு மாற்றி விட்டனர். இன்று உலகமே, 'ஹல்க் என்றால் பச்சை' என்கிறது!

அயர்ன்மேன் கதையும் அப்படித் தான். 1963ல் முதன்முதலாக வந்தபோது, அவருடைய கவசம் சாம்பல் நிறம். அடுத்த கதையிலேயே தங்க நிறம் ஆனது. அந்த ஆண்டு முடிவதற்குள், இப்போது நாம் பார்க்கிற சிவப்பும், தங்கமும் வந்து விட்டது.

படைத்தவர்களே இத்தனை முறை மாற்றியிருக்கும்போது, நீங்கள் மாற்றினால் என்ன குறைந்து விடும்?

முகத்தின் நிறமும் இப்படித் தான். அமெரிக்காவில், 'கிரேயோலா' என்ற புகழ்பெற்ற கிரேயான் நிறுவனம், நம் பேரப்பிள்ளைகள், 'ஸ்கின் கலர்' என்று சொல்லும் அந்த வெளிர் நிறத்துக்கு, 'தோல் நிறம்' என்ற பொருள் தரும் பெயரைத் தான் முன்பு வைத்திருந்தது. 'எல்லாருடைய தோலும் அந்த நிறமா என்ன?' என்ற கேள்வி வருமல்லவா? 1962ல் அந்தப் பெயரை எடுத்து விட்டு, 'பீச்' என்று ஒரு பழத்தின் பெயரை வைத்தனர். 2020ல், வெளிர் நிறம் முதல் அடர் நிறம் வரை, உலக மக்களின் தோல் நிறங்களுக்காகவே 24 கிரேயான்கள் கொண்ட பெட்டியை, அதே நிறுவனம் வெளியிட்டது.

அந்தப் பெட்டி நம்மிடம் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். உங்கள் டப்பாவில் உள்ளதே போதும். முதலில் மஞ்சளை மெல்லத் தேயுங்கள். அதன் மேல் ஆரஞ்சு. அதன் மேல் காப்பிப் பொடி நிறம். எப்போதும் வெளிர் நிறம் முதலில். அடர் நிறம் கடைசியில். அழுத்தித் தேய்க்காமல், மெல்லிய படலமாக அடுக்க வேண்டும். நடு நடுவே உங்கள் கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையும், படமும் ஒன்றுபோல் தெரியும் நேரத்தில் நிறுத்தி விடுங்கள். அது தான் உண்மையான, 'ஸ்கின் கலர்!'

ஸ்பைடர்மேனின் முகமூடியைக் கவனித்திருக்கிறீர்களா? தலை முதல் கால் வரை ஓர் இடம் கூட வெளியே தெரியாது. உள்ளே இருப்பவன் எந்த நாட்டுப் பையன், என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. அதனால், எந்தக் குழந்தையும், 'அது நான் தான்' என்று நினைத்துக் கொள்ளலாம். 2011ல், மைல்ஸ் மொராலிஸ் என்ற கறுப்பினச் சிறுவன், கதைப் புத்தகத்தில் ஸ்பைடர்மேன் உடையை அணிந்தே விட்டான்! அவன் நியூயார்க் நகரத்துப் பள்ளி மாணவன்.

இனி, இரண்டாவது விஷயம்...

'அச்சடித்த படத்துக்கு வண்ணம் தீட்டினால், பிள்ளைகளின் கற்பனை கெட்டு விடும். அதெல்லாம் கொடுக்காதீர்கள்' என்று சில பெரியவர்கள் சொல்வர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கோட்டுக்குள் தீட்டும்போது கை நிதானப்படும். பொறுமை வரும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று கண் பழகும். நானும் சிறுமியாக இருந்தபோது, கறுப்பு வெள்ளையில் வந்த முத்து காமிக்ஸில், இரும்புக்கை மாயாவியின் கைக்கு நீலக் கலர் அடித்து, அந்தப் புத்தகத்தைச் சேர்த்து வைத்திருந்த அண்ணனிடம் குட்டு வாங்கியவள் தான்!

ஆனால், ஒன்றை மறந்து விடாதீர்கள். அந்தத் தாளில், எது எங்கே இருக்க வேண்டும் என்பதை வேறு யாரோ முன்பே முடிவு செய்து விட்டனர். ஹீரோ யார், எப்படி நிற்கிறார், எதைப் பார்க்கிறார்... எல்லாம் அவர்கள் முடிவு. நிறம் மட்டும் தான் உங்கள் பங்கு. அதோடு நின்று விடலாமா?

அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் காலியாக இருக்கும். அது முழுக்க முழுக்க உங்களுடையது!

அந்த சூப்பர்மேனே எப்படிப் பிறந்தார், தெரியுமா? அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்று ஒரு நகரம். அங்கே ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்த இரண்டு நண்பர்கள்... ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர். ஜெர்ரிக்குக் கதை எழுதப் பிடிக்கும். ஜோவுக்குப் படம் வரையப் பிடிக்கும். ஜோ வீட்டில் வறுமை. வரைய நல்ல தாள் கிடையாது. கடையில் பொட்டலம் கட்டித் தரும் தாளிலும், சுவரில் ஒட்டும் காகிதத்தின் பின்பக்கத்திலும் வரைவார்.

பின்பக்கம்... கவனித்தீர்களா?

இருவரும் சேர்ந்து உருவாக்கிய சூப்பர்மேனை எடுத்துக் கொண்டு, எத்தனையோ பத்திரிகைகளிடம் போயினர். 'வேண்டாம், வேண்டாம்' என்று திருப்பி அனுப்பினர். ஆண்டுகள் ஓடின. கடைசியில், 1938ல், 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் வெளிவந்தார். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

இதில் ஒரு வருத்தமான பகுதியும் உண்டு. அந்தக் கதையின் உரிமையை, அவர்கள் வெறும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்து விட்டனர். சூப்பர்மேனால் மற்றவர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்தபோது, அவரைப் படைத்தவர்கள் பணத்துக்குக் கஷ்டப்பட்டனர். 'படைத்தவர்கள்' என்று அவர்கள் பெயரைப் போடுவது கூட பல ஆண்டுகள் நின்று போயிருந்தது. 1975ல் தான், ஆண்டுதோறும் உதவித்தொகை தரவும், பெயரைப் போடவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அதனால் தான் சொல்கிறேன்... எது வரைந்தாலும், கீழே மூலையில் உங்கள் பெயரையும், தேதியையும் எழுதுங்கள். சின்னப் படம் தானே என்று விட்டு விடாதீர்கள்.

'எனக்கு வரைய வராதே...' என்று யாரோ முனகுவது கேட்கிறது. தலைக்கு ஒரு முட்டை, உடம்புக்கு ஒரு தலைகீழ் முக்கோணம், கை கால்களுக்கு நீண்ட கட்டங்கள்... அவ்வளவு தான், ஹீரோ நின்று விடுவார்! வரையும் முன், மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் யோசியுங்கள்...

* உங்கள் ஹீரோ யார்? உங்கள் தெருவில் இருப்பவராகக் கூட இருக்கலாம். தபால்காரர், பூ விற்கும் அக்கா, சைக்கிளில் பால் ஊற்றும் மாமா, உங்கள் அம்மா...

* அவருடைய சக்தி என்ன? பறப்பது மட்டும் தான் சக்தி என்பது இல்லை. தொலைந்து போன குழந்தையின் அழுகை, பத்துத் தெரு தள்ளியும் கேட்கும் காது கூட சக்தி தான்.

* அவருடைய பலவீனம் என்ன? சூப்பர்மேனுக்கே, 'கிரிப்டோனைட்' என்ற கல் ஆகாது. பலவீனம் இல்லாத ஹீரோவுக்குக் கதையே கிடையாது.

என் பேரன், அன்றே ஹல்க் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு ஹீரோவை வரைந்தான். பெயர், 'தண்ணி மாமா'. எங்கள் தெருவுக்கு லாரியில் தண்ணீர் கொண்டு வருபவர். கையில் பெரிய ஹோஸ் பைப். விரலை நீட்டினால் மழை பெய்யும். பலவீனம்? 'யாராவது குழாயை மூடாமல் விட்டால், மாமாவுக்கு மயக்கம் வந்து விடும்!' எப்படி?

சரி, வரைந்த ஹீரோவைத் தாளிலேயே விட்டு விடலாமா? வெளியே கொண்டு வரலாமே! காசு செலவில்லாமல் சில கைவேலைகள் சொல்கிறேன்...

முகமூடி: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை வீட்டில் நிச்சயம் இருக்கும். கண்ணாடி போட்டது போன்ற வடிவத்தில் வெட்டி, கண்களுக்கு ஓட்டை போடுங்கள். ஓட்டை போடும் வேலையைப் பெரியவர்களிடம் கொடுங்கள். இரு ஓரமும் துளையிட்டு, எலாஸ்டிக் நாடா கட்டினால் முகமூடி தயார். பத்திரிகையில் இருக்கும் தங்க நிற எழுத்து, பளபளப்பை இலவசமாகத் தந்து விடும்!

கேடயம்: விசேஷ வீட்டில் மிஞ்சிய வட்டமான பாக்குமட்டைத் தட்டு ஒன்று எடுங்கள். பின்பக்கம் வண்ணம் பூசி, நடுவில் உங்கள் ஹீரோவின் சின்னம் வரையுங்கள். முன்பக்கம், கை நுழைக்க அட்டைப் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். கேப்டன் அமெரிக்காவின் கேடயம், 1941ல் முதல் இதழில் முக்கோணமாகத் தான் இருந்தது. இரண்டாம் இதழில் தான் வட்டமானது. ஆகவே, உங்கள் கேடயம் சதுரத் தட்டாக இருந்தாலும் குற்றமில்லை!

நகரம்: காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்து, அடுக்கி ஒட்டினால் மாடிக் கட்டடங்கள். ஜன்னல்களை வரைந்து விட்டால், உங்கள் ஹீரோ காப்பாற்ற வேண்டிய நகரம் ரெடி. வரைந்த ஹீரோவைக் கத்தரித்து, ஐஸ் குச்சியில் ஒட்டிப் பறக்க விடுங்கள்.

மேலங்கி: பழைய துப்பட்டாவோ, துண்டோ போதும். ஆனால், கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. எங்காவது மாட்டி இழுத்தால், கழுத்தை இறுக்கி விடும். சட்டையின் இரண்டு தோளிலும், ஒற்றை நூலில் லேசாக ஒரு தையல் போடச் சொல்லுங்கள். மாட்டினால், நூல் அறுந்து துணி கழன்று விழும். அதைப் போட்டுக் கொண்டு அடுப்புப் பக்கமும், விளக்குப் பக்கமும் போகாதீர்கள்.

இன்னும் ஒன்று... மேலங்கி போட்டால் பறக்க முடியாது. இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கட்டிலிலிருந்தோ, மதில் மேலிருந்தோ, மாடியிலிருந்தோ குதித்துப் பார்க்கவே கூடாது. படத்தில் ஹீரோ பறப்பது கம்ப்யூட்டர் வேலை, கயிறு வேலை. உங்கள் ஹீரோ பறக்க வேண்டிய இடம், தாளும், ஐஸ் குச்சியும் தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், குழந்தைகளே...

உங்கள் வகுப்பில், பக்கத்தில் இருப்பவன், வானத்தைப் பச்சையாகத் தீட்டலாம். சூப்பர்மேனுக்கு உங்கள் கண்ணுக்குப் பிடிக்காத நிறம் கொடுக்கலாம். சிரிக்காதீர்கள். 'ஏன் இந்தக் கலர் போட்டாய்?' என்று அன்பாகக் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். அந்த நிறத்துக்குப் பின்னால் ஓர் அப்பா இருக்கலாம். ஓர் ஆச்சி இருக்கலாம். அவன் மட்டும் பார்த்த ஒரு வானம் இருக்கலாம்.

உங்கள் படத்தைப் பார்த்து, நான் சிரித்தது போல யாராவது சிரித்தால்... அது டீச்சராகவே இருந்தாலும்... முகத்தை வெள்ளையாக விட்டு விடாதீர்கள். 'நான் நினைத்துத் தான் போட்டேன்' என்று தைரியமாகச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொன்னால், தப்பே இல்லை.

அந்த மாணவனுக்கு, இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். எங்கே இருக்கிறானோ, தெரியாது. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இதைப் படித்துக் கொண்டிருக்கலாம். அப்படியானால், கண்ணே... உன் அப்பாவிடம் ஒரு தாளையும், கிரேயான் டப்பாவையும் கொடுத்து, 'உங்கள் சக்திமானை வரைந்து காட்டுங்கப்பா' என்று கேள். முகத்துக்கு அவர் எந்த நிறம் போடுகிறாரோ, அது தான் சரியான நிறம் என்று, உன் அப்பாவின் பழைய டீச்சர் சொன்னதாகச் சொல்.

சரி, குழந்தைகளே... உங்கள் கையில் இருக்கும் தாளை இப்போதே திருப்புங்கள், பார்க்கலாம்!

அன்புடன்,
உங்கள் டீச்சர் பாட்டி.